குளத்துக்குப் போன பூ

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் ஒரு சிமெண்டுக் குளம் உண்டு. குளம் என்றால் சிரிப்பீர்கள், நாலு பேர் இறங்கினால் நிரம்பிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே வலியப் போய்க் கேட்டு வாங்கினேன். செடிப் பைத்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. மகன் இறந்த பிறகு என் கணவர் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடப்பார். வீட்டில் அவர் செய்த ஒரே வேலை, வெள்ளிக்கிழமைதோறும் மகன் படத்திலிருந்து பழைய மாலையைக் கழற்றிவிட்டு, லிட்டில் இந்தியாவில் நான் வாங்கி வரும் புது மல்லிகையைப் போடுவது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, என்ன தோன்றியதோ, கீழே போய்க் குளத்தோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அடுத்த வாரமும் போனார். எனக்கு உயிர் வந்தது. அந்தக் குளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அல்லியைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன். அதற்கு நல்ல வெயில் வேண்டும், இலைமேல் தண்ணீர் தெறிக்கக் கூடாது. வெயிலுக்காகவே பக்கத்துப் பப்பாளியின் இலைகளை வெட்டச் சொல்லிச் சண்டை போட்டேன். களிமண் தொட்டியில் நட்டு, மீன் கிளறாமல் மேலே கூழாங்கல் பரப்பினேன். தண்ணீருக்குள் வேலம்பாசி, நிழலுக்குக் கொஞ்சம் ஆகாயத்தாமரை, கொசுப்புழுவைத் தின்னக் கப்பி மீன்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் கறுத்தது, நாறியது. கப்பிகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மீன் செத்ததும் புழு வந்துவிட்டது. தோட்டக் குழுவின் தலைவரான பாய் நல்ல மனிதர். அவரே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, இன்னொரு தடவை புழு பார்த்தா மண்ணடிச்சு மூடிடுவாங்க லா. டெங்கி விஷயம், நான் ஒண்ணும் பேச முடியாது."

மூடிவிட்டால் என் கணவர் எங்கே போவார்? ஆகாயத்தாமரை பரவிக் காற்றை அடைக்கிறதோ என்று பாதிக்கு மேல் அள்ளிப் போட்டேன். மஞ்சளான அல்லி இலைகளை அழுகுமுன் காம்போடு கிள்ளினேன். புது மீன் விட்டேன், அதுவும் செத்தது. நர்சரிக்காரரை, உரத்தை, பப்பாளியை, எல்லாரையும் திட்டித் தீர்த்தேன். கடைசியில் அல்லித் தொட்டியைத் தூக்கினால், அடியில் கொழகொழவென்று அழுகிய பூ. அதில் நூலும் வெள்ளி ஜிகினாவும் சிக்கியிருந்தன. நான் வாங்கிய மாலைகளின் ஜிகினாதான் அது.

மேலே போய்க் கணவரிடம் கேட்டேன்.

"ஏங்க, மாலைய குளத்துலயா போடுறீங்க? மீனெல்லாம் சாவுதுங்க!"

"பின்ன எங்க போடச் சொல்ற?" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன். "மேல் வீட்டு மீன் குடலும் பேம்பர்ஸும் போற ரப்பிஷ் சூட் குழாய்ல என் புள்ளைக்குப் போட்டதப் போடவா?"

சாத்திய பூவைக் குப்பையில் போடக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் பழக்கம்.

அடுத்த வாரம் மல்லிகை வாங்கவில்லை. வாடாத சந்தன மாலை ஒன்று வாங்கி நானே படத்துக்குப் போட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கீழே போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை.

குளம் தெளிந்துவிட்டது. கப்பிகள் குட்டி போட்டன. அல்லி பூத்தது. பாய் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நான் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பூத்த அல்லியைப் பார்த்தால் ஆத்திரமாக வந்தது. குளத்தைக் காப்பாற்றி என்ன பிரயோசனம்? இவர் அங்கே வந்தது என் செடிகளைப் பார்க்க அல்ல. மகனுக்கு ஏதோ ஒன்றைத் தன் கையால் செய்ய வந்தார். அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டேன்.

மறுபடி மல்லிகை வாங்கினேன். ஜிகினா வேண்டாம் என்று மட்டும் பூக்காரரிடம் சொன்னேன். வாடியதும் என் கணவரே கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். பின்னாலேயே போய்த் தோட்டத்தில் களை பிடுங்குவதுபோல் நின்றேன். அவர் மாலையைத் தண்ணீரில் மெல்ல விட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் லிப்டில் ஏறியதும் மீன் வலையால் அதை அள்ளிப் பையில் கட்டினேன். வீட்டுக்கு வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அந்தக் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்தேன். கை வரவில்லை. "மன்னிச்சுக்கடா கண்ணு" என்று சொல்லிப் போட்டேன். என் பிள்ளையின் பூ அந்த நாற்றத்துக்குள் போய் விழுந்தது.

ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான். போன வாரம் சாப்பிடும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"இப்பல்லாம் தண்ணி தெளிவா இருக்கே. பூவெல்லாம் மீன் தின்னுடுது போல?"

"ஆமாங்க" என்றேன். "ஒண்ணு விடாம தின்னுடுது."