‘டெல்’ மூட்டிய கோள்

“வாடி வீட்டுக்கு! மருந்தும் வேணாம், மண்ணும் வேணாம்!”

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவ முகாம் நடந்த அன்று முருகையா போட்ட சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் அப்போது மிஸி, அதாவது தாதி. ஆங்கிலம் தெரியும் என்று மொழிபெயர்க்க முன்னால் போய் நிற்கிற பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

முருகையாவின் மனைவி செல்வமணி கொழுந்து பறிப்பவள். மூச்சு வாங்குகிறதென்று வந்திருந்தாள். வெளிநாட்டு டொக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, “த க்ளைம்பிங் இஸ் டெல்லிங் ஒன் ஹர்” என்றார். பக்கத்தில் நின்ற புதுக் கிளார்க் ரமேஷ், ‘டெல் ஒன்’ (tell on) என்றால் கோள் சொல்வது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன். கூசாமல் சொல்லிவிட்டான்:

“மலையில இவங்களப் பத்தி யாரோ கோள் சொல்றாங்களாம்.”

செல்வமணி விறைத்துப் போனாள். “ஐயோ, நான் யாரு வம்புக்குப் போனேன்?”

“எந்தப் பய சொன்னான்? இந்த வெள்ளைக்காரம்மா வரைக்கும் போயிருச்சா?” என்று முருகையா அவள் கையைப் பிடித்து இழுத்தான். டொக்டரம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் வாசலை மறித்து நின்றுகொண்டு, அவர் சொன்னதை விளக்கமாகத் திரும்பக் கேட்டேன்.

மலையேறி ஏறி இவளுக்கு உடம்பு கெடுகிறது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்! இதய வால்வு பழுது, உடனே கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் முருகையா அவளைத் திரும்ப லயத்து வீட்டுக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பான்.

“டேய் ரமேஷ், புரியலன்னா வாயத் தொறந்து கேக்க மாட்டியா?” என்று கத்தினேன். பையன் முகம் வெளுத்துவிட்டது.

பிறகு டொக்டரம்மாதான் விளக்கினார். ‘டெல்’லுக்கு ஆதியில் எண்ணுவது என்றும் பொருளாம். வங்கியில் காசு எண்ணுகிறவருக்கு ‘டெலர்’ என்று பெயர் வந்ததும் அதனால்தானாம். அப்புறம்தான் சொல்வது, வித்தியாசம் கண்டுபிடிப்பது, உடம்பைப் பாதிப்பது என்று கிளை விட்டிருக்கிறது. தெரிந்த சொல்தானே என்று நினைக்கிற இடத்தில்தான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்க வேண்டும், பிள்ளைகளே.

நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லி முடித்ததும் முருகையா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

“யாரு சொன்னா, யாரு சொன்னான்னு குதிச்சேனே, மிஸி. மலையேற முடியலன்னு இவதான் தெனம் சொன்னா. வேலைக்குப் போகாம இருக்க சாக்கு சொல்றான்னு ஏசினேன்.”

செல்வமணி ஆம்புலன்ஸ் வரும்வரை மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தாள்.