சிவப்புப் புள்ளி வைத்த நம்பர்கள்

பேசத் தாமதமாகும் பிள்ளைகளுக்காக நான் ஓசூரில் நடத்தும் தெரபி சென்டரில் மூன்று சின்ன அறைகள், என்னையும் சேர்த்து இரண்டு தெரபிஸ்டுகள், வாசலை ஒட்டிப் போட்ட மேஜையில் ஓர் அக்கா. பில் போடுவது, பணம் வாங்குவது, கம்பெனி இன்சூரன்ஸுக்குப் பேப்பர் தயார் செய்வது, வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்வது எல்லாம் அவர்தான். வீட்டில் தெலுங்கு, அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். பணத்தை மட்டும் யார் கொடுத்தாலும் தெலுங்கில்தான் எண்ணுவார்.

நான் அவசரக்காரி. அக்காவோ ஒரு பில் எழுதுவதற்குள் அந்தப் பிள்ளை ராத்திரி தூங்கியதா, என்ன சாப்பிட்டது என்பது வரை விசாரித்து முடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் அவர் தேதி மாற்றி எழுதியதால் இரண்டு பேருடைய இன்சூரன்ஸ் பேப்பர் திரும்பி வந்தது. அதில் ஒரு அப்பா, மற்ற பெற்றோர் எதிரில் என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், பில் வேலையை வெளியில் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று.

பெங்களூரில் ஒரு ஆபீஸ் கிடைத்தது. பில், இன்சூரன்ஸ், பாக்கியை நினைவூட்டும் மெசேஜ் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். ஒரு மாதம் இலவசமாகச் செய்து காட்டுவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கும் கொடுத்து அக்காவுக்கும் சம்பளம் கொடுக்க என்னால் முடியாது. அவர்கள் வந்தால் அக்கா போக வேண்டும். ஆறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? மாதம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு அக்கா நான்கு நாள் லீவில் போனார். அந்த நான்கு நாளில் அவருடைய ரிஜிஸ்டரை எடுத்து, பிள்ளைகளின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் நானே கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பினேன். திருட்டுத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது. சில நம்பர்களின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி இருந்தது. பேனா எழுதுகிறதா என்று அக்கா வைத்துப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், மத்திகிரியிலிருந்து வரும் ஒரு நாலு வயதுப் பெண் குழந்தை திடீரென்று நின்றுவிட்டாள். வந்து சேர்ந்தபோது ஒரு சொல்லும் இல்லை. ஐந்து மாதத்தில் ‘தா’, ‘பால்’, ‘போ’ என்று மூன்று சொல் வந்திருந்தது. அப்பாவுக்கு ஃபேக்டரியில் ஷிப்டு வேலை, அம்மாதான் டவுன் பஸ்ஸில் கூட்டி வருவாள். அக்கா போன் செய்தார், எடுக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறி அவர்கள் வாடகை வீட்டுக்கே போய்விட்டார்.

திரும்பி வந்து, முகம்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

“மேடம், நம்ம சென்டர்ல இருந்து மெசேஜ் போயிருக்குதாம். நாம மெசேஜே அனுப்பறது இல்லீங்களே?”

எல்லாவற்றையும் சொன்னேன். பெங்களூர் ஆபீஸ், ரிஜிஸ்டர், அவருடைய வேலை, எல்லாவற்றையும். அவர் கோபப்படவில்லை. ரிஜிஸ்டரை எடுத்து வந்து, புள்ளி வைத்த நம்பர்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவையெல்லாம் கூப்பிடக் கூடாத நம்பர்கள். இந்த ஊரில் பிள்ளைக்குத் தெரபி என்பது பல வீடுகளில் பெரியவர்களுக்குத் தெரியாமல் நடக்கிற காரியம். தெரிந்தால் பிள்ளைக்கு ஊமை என்று பெயர் வந்துவிடும் என்று பயம். இந்தக் குழந்தையைச் சேர்க்க வந்த அன்று அம்மாவின் போன் ரிப்பேரில் இருந்ததால், மனப்பாடமாகத் தெரிந்த மாமனார் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். மறுநாளே தன் நம்பரையும் கொடுத்து, மாமனார் நம்பருக்குக் கூப்பிட்டுவிடாதீர்கள் என்று அக்காவிடம் கெஞ்சியிருக்கிறாள்.

மாமனாருக்கு நாகரசம்பட்டியில் மாந்தோப்பு. எழுதப் படிக்கத் தெரியாது. மாங்காய் மண்டியில் எடைக்கு நின்றிருந்தபோது மெசேஜ் வந்திருக்கிறது. காசு விஷயமோ என்று பக்கத்தில் நின்றவரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள், குழந்தையின் பெயரோடு, பேச்சுப் பயிற்சிக் கட்டணம் பாக்கி என்று எல்லாருக்கும் கேட்கப் படித்துவிட்டார். அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் போட்டுக் கத்தி, இனி அங்கே காலெடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

“புள்ளி எதுக்குன்னு நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கணும் மேடம். எம்மேலதான் தப்பு” என்றார் அக்கா.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரியவருக்குப் போன் செய்யலாமா என்று கேட்டேன். “நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்” என்றார். எனக்கு அவர் இட்ட ஒரே உத்தரவு அதுதான். நான்கைந்து நாள், மத்தியானம் ஆனதும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். தெலுங்கும் தமிழும் கலந்து, மாங்காய் விலை, பேரப்பிள்ளைகள், முட்டிவலி என்று பேச்சு போய்க்கொண்டிருக்கும். தெரபி என்ற சொல் என் காதில் விழவே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் பெரியவர் மருமகளோடும் குழந்தையோடும் வந்து நின்றார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அக்காவிடம்தான் போனார்.

“நாலு பேரு முன்னால கேக்க வெச்சிட்டீங்களேம்மா. இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான். அப்பறம் இது எதுக்கு?”

தப்பு என்னுடையது என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டேன். பெரியவர், என்னதான் செய்கிறோம் என்று பார்க்க உள்ளே வந்து, குழந்தையின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் வழக்கமாகப் பந்தை உருட்டி விளையாடுவோம். அன்று அவருடைய முழங்கால் குறுக்கே இருந்தது. குழந்தை இரண்டு முறை அதைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, தெளிவாக, “போ” என்றாள்.

அவர் முழங்காலில் கை ஊன்றி மெதுவாக எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னையப் போங்கறாம்மா” என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. பந்தை எடுக்க வந்ததுபோலக் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “இனி எதுன்னாலும் எனக்கே கூப்பிடும்மா. மெசேஜு வேணாம். நீ பேசு.” அக்கா ரிஜிஸ்டரைப் புரட்டி, அவருடைய நம்பருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் புள்ளியின் மேல் நீல மையில் ஒரு டிக் போட்டார்.

அன்று மத்தியானமே பெங்களூருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று சொன்னேன். தேதி மாறாமல் இருக்க, இன்சூரன்ஸ் பேப்பர்களை இப்போது நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன். பில்லுக்கு நடுவே தூக்கமும் சாப்பாடும் விசாரிக்கப்படுகின்றன. இன்னமும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அன்று நான் போனை வைத்ததும் அக்கா தலை நிமிராமல் கேட்டார்: “அந்த ஆபீஸ் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க மேடம்.”

“எதுக்குக்கா?”

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.