ஓவன் கைப்பிடியில் ஒரு ஜெபமாலை

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு, நான் வேலை செய்யும் விருந்தினர் விடுதிச் சமையலறையில் என் போன் அடித்தது. திரையில் ‘ஜோஸ்பின் அக்கா’ என்று வந்தது. வெள்ளி பதினோரு மணி என்றால் அவர்தான், கேட்கப் போவதும் ஒரே கேள்விதான். அதனால் எடுத்தவுடன் ஹலோகூடச் சொல்லாமல், “நாலு தட்டுதான்க்கா, நல்லா செவந்து வந்திருக்கு” என்றேன். மறுமுனையில் அவருடைய தங்கை ரீத்தாவின் குரல் கேட்டது. “செல்வி, அக்கா போயிட்டா. காபி குடிச்சிட்டு நாற்காலியில உக்காந்தா, அப்படியே சாஞ்சிட்டா.”

அப்போது ஓவனில் இருந்தது ஒரே தட்டு. அக்காவிடம் கடைசியாக நான் சொன்னது பொய். அதைக் கேட்கக்கூட அவர் இல்லை.

நாளை முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் முன் அக்காவைப் பற்றி நாலு வார்த்தை வாசிக்கச் சொல்லி ரீத்தா கேட்டிருக்கிறாள். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியும், எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கும்போதே அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுகிறவள் நான். அக்காவோ உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே சமையலறையில் பத்தொன்பது வருஷம் பூட்டி வைத்ததை என்னவென்று சொல்ல?

விடுதியில் வெள்ளிக்கிழமைகளில் கறி, மீன் கிடையாது. அன்று ரத்தாத்தூய். கோடைக்காய்களை எண்ணெய் தடவி ஓவனில் வறுத்து ஒன்றாகக் கலக்கும் பிரெஞ்சுக்காரர் பதார்த்தம். அக்கா அதை நாலு தட்டில் வைப்பார். கத்திரிக்காய் தனி, குடைமிளகாய் தனி, பீர்க்கங்காய் தனி, தக்காளியோடு வெங்காயமும் பூண்டும் தனி. ஓவனில் ஒரு சமயத்தில் இரண்டு தட்டுதான் போகும். ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். “பீர்க்கங்காய் தண்ணி விடும்டி. கத்திரிக்காய்க்குத் தண்ணி ஆகாது. ரெண்டையும் ஒண்ணா போட்டா ஒண்ணையொண்ணு கெடுத்துக்கும். தனித்தனியா வெந்துட்டு அப்புறம் சேரட்டும்” என்பார். கடைசியில் பெரிய பேசினில் நாலையும் கொட்டி, கருவடிக்குப்பத்தில் என் வீட்டுக் கொல்லையில் நான் பறித்து வந்த திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போடுவார். “இதான் உன் பங்கு” என்று சிரிப்பார்.

நேரம் பார்க்க அவர் கடிகாரம் வைத்துக்கொண்டதில்லை. ஓவனுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார். முழு ஜெபமாலை ஒன்று இருபது நிமிஷம். பீர்க்கங்காய்க்கு ஒன்று, குடைமிளகாய்க்கு ஒன்றரை, கத்திரிக்காய்க்கும் தக்காளிக்கும் இரண்டு. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கதவைத் திறந்து பார்ப்பேன். “அது இன்னா டிவியா, தொறந்து தொறந்து பாக்கறே? சூடெல்லாம் போவுது, மூடு!” என்று ஒரு சத்தம் வரும். கொல்லைக்கு எழுந்து போக வேண்டியிருந்தால் ஜெபமாலையை ஓவன் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போவார். “மாதாவைத் தள்ளிட்டுத் தொறக்க மாட்டே இல்ல?” நான் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் கை நீளாது. அது நீல நிற பிளாஸ்டிக் மணி. கதவுச் சூட்டில் இரண்டு மணி உருகித் தட்டையாகிவிட்டன. வேறு வாங்கச் சொன்னால், “அந்த ரெண்டும் உன்னாலதான் உருகுச்சு, இருக்கட்டும்” என்பார்.

ஒருமுறை பிரான்சிலிருந்து வந்து தங்கியிருந்த வயதானவர் ஒருவர் முள்கரண்டியில் பீர்க்கங்காயைக் குத்திக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். இது என்ன, ரத்தாத்தூயில் இது ஏது என்று முகத்தைச் சுளித்துக் கேட்டாராம். அக்கா ஸ்டூலைவிட்டு எழாமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். மனிதர் சிரித்துவிட்டு இன்னொரு தட்டு வாங்கிப் போனார். எனக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே, விளக்கம் கேட்டேன். “உங்க ஊரு வெயிலுக்கு உங்க காய், எங்க ஊரு வெயிலுக்கு எங்க காய்ன்னேன். வேறென்ன?” என்றார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அண்ணன் அங்கேயே குடியிருக்கிறார். இவருக்கும் அந்த ஊர்க் குடியுரிமை இருந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டால், அங்கே கத்திரிக்காய் பூசணி மாதிரி இருக்கும், ருசி கிடையாது என்று பேச்சை முடித்துவிடுவார்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் மூன்று நாளாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

போன கத்திரி வெயிலில் அக்கா வேலையைவிட்டு நின்றார். கால்வலி என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னார், நீங்களும் நம்பினீர்கள். கால்வலி இருந்தது உண்மைதான், ஆனால் அதனால் நிற்கவில்லை. அந்த வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஓவன் பக்கத்தில் நின்று எனக்கு எரிச்சல் மண்டைக்கேறிவிட்டது. முதலாளியம்மாவை நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எதேச்சையாக உள்ளே வந்து, சாப்பாடு ஏன் தாமதம் என்று கேட்டார். “ஜோஸ்பின் அக்காவுக்கு முன்ன மாதிரி கை ஓடல மதாம். எல்லாத்தையும் ஒரே தட்டுல போட்டா முக்கால் மணியில முடிஞ்சிடும்” என்றேன். வாய் என்னுடையது, யார் மேலும் பழி போட முடியாது.

அடுத்த வெள்ளி மதாம் ஒரே தட்டு போதும் என்று சொல்லிவிட்டார். அக்கா சரி என்றார். ஒரே தட்டில் வைத்தார். பீர்க்கங்காய் விட்ட தண்ணீரில் கத்திரிக்காய் வெந்து கூழாகிக் கிடந்தது. விருந்தாளிகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுப் போனார்கள். அக்கா ஓவனைத் துடைத்தார், கைப்பிடியிலிருந்து ஜெபமாலையை எடுத்துப் பையில் போட்டார், “வரேன்டி” என்றார். மறுபடி வரவேயில்லை. நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினேன், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதற்கப்புறம் வெள்ளிதோறும் பதினோரு மணிக்கு அவர் போன் வரும். “எத்தினி தட்டு?” என்பார். “நாலு” என்பேன். “நல்லது” என்று வைத்துவிடுவார்.

பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தபோது கையில் அந்த நீல ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். தட்டையான இரண்டு மணியும் கட்டைவிரல் பக்கம் தெரிந்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ரீத்தாவைத் தனியே இழுத்துப்போய், மதாமிடம் போட்டுக்கொடுத்தது நான்தான் என்று சொல்லி அழுதேன். ரீத்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அக்காவுக்கு அன்னிக்கே தெரியும்டி. ‘செல்விதான் சொல்லியிருப்பா, அவளால காத்துகினு இருக்க முடியாது, பாவம்’னு சொல்லிச் சிரிச்சா.”

“அப்ப நாலு தட்டுன்னு நான் சொன்னது?”

“அதுவும் தெரியும். நாலு தட்டு வெச்சவளுக்குப் பதினோரு மணிக்குத் தட்டு மாத்தற நேரம், கை காலியா இருக்காது, போன் எடுக்க மாட்டான்னு சொல்லுவா. நீ ஒவ்வொரு வாரமும் மொத மணியிலயே எடுத்துட்டே. ‘என்னிக்காவது எடுக்காம இருக்கறாளான்னு பாக்கறேன் ரீத்தா’ன்னுதான் அடிப்பா.”

திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பேன். இப்படிச் சிரித்துவிட்டுப் போனவரை என்ன செய்வது? அதற்குப் பிறகு மூன்று வெள்ளி ரத்தாத்தூய் பக்கமே போகவில்லை. உருளைக்கிழங்கை அவித்து ஒப்பேற்றினேன். நேற்று மதாமிடம் போய், அன்று நான் சொன்னது தப்பு, அக்காவுக்குக் கை ஓடாமல் இல்லை, எனக்குத்தான் பொறுமை ஓடிப்போய்விட்டது என்றேன். “நாலு தட்டே வை” என்றார் அவர்.

இன்று வெள்ளி. நாலு தட்டு வைத்தேன். அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்கு ஜெபமாலை சொல்லத் தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவன் கைப்பிடியில் ஒன்றும் தொங்கவில்லை. கை எத்தனையோ தரம் பரபரத்தது, நேரம் ஆகும்வரை திறக்கவில்லை. பதினோரு மணிக்குக் கத்திரிக்காய்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுக்கும்போது போன் அடித்தது. திரையில் ‘ஜோஸ்பின் அக்கா’. அந்த போனை இப்போது ரீத்தாதான் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அது அடித்து ஓய்ந்தது. கத்திரிக்காய் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாக, ஒவ்வொரு வில்லையும் தனித்தனியாக இருந்தது.

ரத்தாத்தூய் மறுநாள்தான் ருசி என்பது அக்கா பேச்சு. நாளை உங்கள் இலையில் வைக்கப் போவது அதுதான், குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஸ்டூலையும், எடுக்காமல் விட்ட அந்த ஒரு அழைப்பையும். அதை போனிலிருந்து அழிக்க மாட்டேன்.

பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு ஒரு மணிக்கு நானே திரும்பக் கூப்பிட்டேன்.

“பதினோரு மணிக்கு அடிச்சேனே, ஏன் எடுக்கல?” என்றாள் ரீத்தா.

“கை காலியா இல்ல ரீத்தா.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சரி. சாயந்திரம் கல்லறைக்குப் பூ வைக்கப் போறேன். அக்காகிட்ட சொல்லிடறேன்” என்றாள்.