விளம்பர இடைவேளையில் ஒரு பிறப்புப் பாட்டு

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் புத்தகமும் டார்ச் லைட்டும் என் கைக்கு வந்தன. அப்போது ஐந்தாம் வகுப்பு. நான்தான் எல்லோரையும் நடத்திப் போகிறேன் என்று எனக்கு நினைப்பு. நடத்திப் போக அங்கே ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

விளாத்திகுளம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்று சொன்னால் நாங்கள் ஒரு தெரு. மற்றதெல்லாம் காடுகரை வைத்திருக்கும் சம்சாரி வீடுகள். டிசம்பர் பிறந்தால் எல்லாத் தெருவுக்கும் போய் வாசல் வாசலாக நின்று பாடுவது வழக்கம். ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பெருங்கூட்டமுமாகப் போனார்களாம். என் காலத்துக்குள் இளவட்டங்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கேபிள் டிவி வீட்டுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டது. அந்த வருஷம் டோலக் அடிக்க அப்பா, பாடுவதற்கு அத்தை, புத்தகம் பிடிக்க நான். அவ்வளவுதான் கூட்டம்.

அப்பாவுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. "இந்த வருஷத்தோட நிப்பாட்டிருவோம். கேக்க ஆளில்லாம எவன் வாசல்ல போயி தொண்ட கிழியக் கத்த?" என்றார்.

அத்தை அப்போதுதான் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "சந்தோஷம் நமக்குத்தானண்ணே. அவிய கேட்டாத்தான் நமக்குச் சந்தோஷம் வருமோ?" என்றபடி ஈர முகத்தோடு டோலக்கை எடுத்து அப்பாவின் தோளில் மாட்டிவிட்டாள்.

முதல் தெருவில் அப்பா சொன்னபடிதான் நடந்தது. கதவிடுக்கில் நீல வெளிச்சம் ஆடியது. ஆள் யாரும் வரவில்லை. ஒரு வீட்டில் உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்து கதவைச் சாத்தியது. அத்தை அந்தச் சாத்திய கதவுக்கும் முழுப்பாட்டையும் பாடினாள். யாராவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று நான் டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது கிணற்றுக்காரர் வீடு. அவர்கள் மிளகாய்க் காட்டில் பழம் பறிக்க எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் போவார்கள். அந்த வீட்டில்தான் பெரிய டிவி. அக்கம்பக்கத்து வீட்டார் எல்லாம் அங்கேதான் கூடியிருந்தார்கள். அந்த வீட்டு அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

"ஏட்டி, வந்துட்டியளா? செத்தப் பொறுங்க. வெளம்பரம் போடட்டும், அப்புறம் பாடுங்க."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. போய்விடலாம் என்று கண் காட்டினார். அதற்குள் அத்தை வாசல்படியில் உட்கார்ந்து, டிவியில் ஓடிய நாடகத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

"இது யாருக்கா, மூத்த மருமவளா?"

"மூத்தவதான். இவ பிள்ளையத்தான் ஆசுபத்திரியில போட்டிருக்கு."

"ஐயோ பாவம். என்ன சொல்லுதாவ, பிழைச்சிருமாமா?"

விளம்பரம் வந்தது. சத்தத்தைக் குறைத்தார்கள். நாங்கள் அவசர அவசரமாகப் பாடினோம். மரியாளும் யோசேப்பும் பெத்லகேமுக்குப் போய்ச் சேர்ந்து, தங்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போது, "ஏ, போட்டுட்டான், போட்டுட்டான்!" என்று உள்ளே குரல் எழுந்தது. அவர்களை அப்படியே நடுத்தெருவில் நிறுத்திவிட்டு நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அடுத்த விளம்பரத்தில் ஒருவழியாக மாட்டுத் தொழுவம் கிடைத்தது. பாலன் பிறப்பதற்குள் மறுபடியும் நாடகம் வந்துவிட்டது.

அந்த வீட்டு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாடகத்தில் ஆசுபத்திரி அறையைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பேச வாயைத் திறந்தார். கரண்ட் போய்விட்டது.

ஊர் முழுக்க "ச்சே" என்றது. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. இது கடவுளின் காரியம், சந்தேகமே இல்லை. எங்களுக்காக ஊரையே இருட்டாக்கியிருக்கிறார். டார்ச்சை நிமிர்த்திப் புத்தகத்தின் மேல் பிடித்தேன். அத்தை நிதானமாக, முதலிலிருந்து பாடினாள். யாரும் எழுந்து போகவில்லை. யாரோ ஒரு குழந்தை அப்பாவின் டோலக்குக்குக் கைகூடத் தட்டியது.

பாட்டு முடிந்ததும் அந்த வீட்டுக்காக ஜெபம் பண்ண வேண்டும். அத்தை தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே, இந்த வீட்டை ஆசீர்வதியும். அக்கா முட்டுவலியில தூக்கமில்லாமக் கெடக்காவ, சுகம் கொடும். பருத்தி வெடிக்க நேரத்துல மழையைத் தள்ளி வையும். அந்த டாக்டரு என்ன சொன்னாருன்னு தெரியாம எல்லாரும் தவிச்சுக் கெடக்காவ, கரண்ட்டைச் சீக்கிரமாக் கொண்டுவாரும், சாமி."

 இருட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வீடு முழுக்கப் பரவியது. அந்த அம்மாள்தான் எல்லோருக்கும் முந்தி, "ஆமென்னு சொல்லுங்கட்டி!" என்றாள். அத்தனை பேரும் சொன்னார்கள்.

தெருவுக்கு வந்ததும் அப்பா வெடித்தார். "ஏட்டி, கூறு இருக்கா உனக்கு? நாடகத்துப் பிள்ளைக்கு ஜெபம் பண்ணுன மொத ஆளு நீதான்."

"பிள்ளைக்கா பண்ணுனேன்? அக்காவுக்குல்லா பண்ணுனேன். பாவம், எப்படி அழுதாவ பாத்தியா?"

நாங்கள் அடுத்த வாசலைத் தொடுவதற்குள் விளக்குகள் எரிந்தன. ஊரே ஹோவென்று கத்தியது. எல்லா வீட்டிலும் நீல வெளிச்சம் திரும்பி வந்தது. அத்தை நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம்! இனி அக்கா பாத்துருவாவ" என்றாள்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டோலக்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. துடைத்துக்கொண்டு டோலக்கை எடுத்தவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"தோலு தொஞ்சு போச்சு. வார வருஷத்துக்குள்ள மாத்தணும்" என்றார்.

அடுத்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. இருவரும் முன்னைவிடச் சத்தமாகப் பாடிக்கொண்டு போனார்கள். நான் பத்தடி தள்ளி, டார்ச்சை அணைத்துவிட்டு நடந்தேன். கடவுள் எங்களுக்கென்று கொடுத்த இருட்டை அத்தை ஜெபம் பண்ணியே திருப்பிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம். அன்றைக்கு நாங்கள் தோற்றுவிட்டுத்தான் வீடு திரும்புகிறோம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. படிப்பு வாசனை இல்லாத அந்த இரண்டு பேருக்கும் அது ஏன் தெரியவில்லை என்றுதான் விளங்கவில்லை.