லொறியை நிறுத்திய மீராலெவ்வைக் காக்கா

காத்தான்குடி மீராலெவ்வைக் காக்கா காலமான செய்தியை, ஆரையம்பதிக்கு மீன் வாங்க வந்த ஒருவர் சொன்னார். நான் லொறிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியை வைத்துவிட்டு ஓடினேன். அடக்கத்துக்கு முன்னே முகம் பார்க்கக் கிடைத்தது.

அண்ணன் முறையில் நான் காக்கா என்று அழைத்த அவருக்கும் எனக்கும் அந்தப் பழைய சிறு லொறி பொது. நான் ஓட்டுவேன், அவர் பக்கத்திலிருந்து ஊர்க்கதை பேசுவார். அவரோடு வந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பேச்சுக்கு முடிவே இல்லை.

யுத்தகாலத்தில் ஒரு சத்தம் தொடங்கியது. கிளச்சை விட்டதும் அடியில் 'டங்' என்று இடிக்கும்; வேகத்தைக் குறைத்தால் மறுபடி இடிக்கும். பின்பாரத்தைத் தாங்கும் இரும்பு வில்லின் கட்டுத் தளர்ந்திருக்கிறது என்றார் காக்கா. இறுக்கிப் பார்த்தோம், சத்தம் போகவில்லை. கியர்ப்பெட்டிதான் என்றேன் நான். அதிலும் குறை தெரியவில்லை.

ஒருநாள் செங்கலடியில் நெல் ஏற்றிப் புறப்பட்டபோது, காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் போக இடம் கேட்டாள். முன்னால் ஏற்றிக்கொண்டோம். கொஞ்சத் தூரத்தில் சத்தம் பலத்தது. காக்காவின் பேச்சு நின்றது.

"நிப்பாட்டுங்க தம்பி."

சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு அடியில் புகுந்தார். கியர்ப்பெட்டியிலிருந்து பின்சில்லுகளுக்குப் போகும் தண்டைப் பிடித்துத் திருகினார். தண்டின் முன்மூட்டு கடகடவென்று ஆடியது.

"வில்லெண்டு நான் சொன்னது பிழை. இந்த மூட்டுத்தான் தேஞ்சிரிக்கி."

"மெல்லமாப் போவமே காக்கா. பிள்ளைக்கு ஏலாம இருக்கு."

"புள்ள இரிக்கிறதாலதான் வேணாமெண்டுறன். தண்டு கழண்டு றோட்டில குத்தினா வண்டி பிரண்டிரும்."

"என்ட புள்ளைக்கு ஏதும் நடந்தா நீதான் பொறுப்பு!" என்று அந்தத் தாய் கத்தினாள். காக்கா கையைத் துடைத்துக்கொண்டார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறாவூருக்கு நடந்தார். அவள் ஏசியபடியே பின்னால் போனாள். அங்கே தெரிந்தவரின் காரில் ஏற்றிப்போய், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாலையில் நான் காத்திருந்த லொறியடிக்குத் திரும்பினார்.

"காய்ச்சல் இறங்குது. தாய்தான் இன்னும் என்னோட கதைக்கிறாவில்ல" என்று சிரித்தார்.

மூட்டைக் கழற்றினோம். உள்ளேயிருந்த இரும்பு முளை பாதியாய்த் தேய்ந்து வெடித்திருந்தது. அதைக் கையில் வாங்கியவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவரும் பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒருநாள் அந்தத் தாயைச் செங்கலடிச் சந்தையில் கண்டோம். பிள்ளை அவள் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தது.

"அண்டைக்கு ஏசிப்போட்டன். மனசில வெச்சிராதீங்க."

"பெத்தவ ஏசாம வேற ஆரு ஏசுற?" என்றார் காக்கா.

வெடித்த முளையைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினார். அவள் கடைசிவரை அதை அறியவில்லை.

லொறியில் அவருடைய பங்கு இனி அவர் பிள்ளைகளுக்கு. எனக்கு, அன்று சந்தையில் அவர் என் கையைப் பிடித்த அந்தப் பிடி போதும்.