அப்பாவைப் பார்த்து அழுத புதுப்பெண்

இன்று ஊறுகாய்க்காக வினிகர் பாட்டிலைத் திறந்ததும், காந்திபுரத்தில் அப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறை வாசம் வந்தது. சிவப்பு விளக்கின் கீழே, தட்டிலிருந்த, அதே புளிப்பு நெடி வீசும் திரவத்துக்குள் காகிதத்தில் முகங்கள் மெல்ல மெல்லத் தெளிந்து வர, வெளியே டவுன் பஸ்களின் ஹாரன் கனவில் கேட்பதுபோல் எங்கோ ஒலித்துக்கொண்டிருக்கும். அப்பா சினிமாவிலும் சின்னச் சின்ன வேஷங்களில் நடித்தார். பெரும்பாலும் மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமனாராக. வீட்டிலோ என்னைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் சோமனூரிலிருந்து புதுமணத் தம்பதி படமெடுத்துக்கொள்ள வந்தார்கள். அப்பாவைக் கண்டதும் அந்தப் பெண் வாசலிலேயே நின்று அழுதாள்.

"இவருங்களா எடுப்பாரு? நான் உள்ள வரலீங்க."

"அது நடிப்புங்க அம்மணி," என்றார் அப்பா. அவள் நகரவில்லை.

கேமராவைச் சரிசெய்து, அமுக்க வேண்டிய பொத்தானை, என்னோடு கடைக்கு வந்திருந்த அம்மாவுக்குக் காட்டிவிட்டு, அவர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா எடுத்த முதல் படம் அது. அதில் அந்தப் பெண் சிரித்திருந்தாள்.

அவர்கள் போனபின் நான் பயந்துகொண்டே கதவைத் தட்டினேன். கண்களைத் துடைத்தபடி வெளியே வந்தவர், அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"ஏன் அம்மணி, நான் நல்லாத்தான் நடிச்சிருப்பனாட்ட இருக்குது."