சட்டம்பிப் புரதம்

2024ஆம் ஆண்டு ஜூலை ஆறாந் திகதி, சனிக்கிழமை, மாலை நாலேகாலுக்கு அம்மா கட்டிலில் இருந்தபடி அறிவித்தார்: "என்னத்துக்கு எண்டு தெரியாமல் நான் காலைத் தூக்க மாட்டன்."

தூக்கச் சொன்னவர் அக்கா. உடற்றொழிலியல் படித்துவிட்டுத் தசைகளைப் பற்றி ஆய்வு செய்கிறவர். யாழ்ப்பாணத்தில் இலக்கியம் படிக்கும் நான் விடுமுறைக்கு மன்னாருக்கு வந்திருந்தேன். வீதியில் குறுக்கே நின்ற கழுதைக்கு விலத்தப்போய், சைக்கிளோடு விழுந்து இடது காலை முறித்துக்கொண்ட அம்மாவுக்குப் பிளாஸ்டர் வெட்டி இரண்டு கிழமையாகியிருந்தது. வெட்டியபோது வெளிப்பட்ட கால், வலது காலின் தங்கையைப் போல மெலிந்திருந்தது.

அம்மா, மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை. பஸ் போகும் வீதியிலிருந்து அந்தக் கிராமம் நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. சைக்கிள் இல்லாமல் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மூன்றாந் தவணை தொடங்கும் நாளில் அவர் வராவிட்டால், பதிலுக்கு வந்தவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்று பெற்றோர் கூட்டத்தில் முடிவெடுத்திருந்தார்கள். எங்களிடம் ஏழு வாரங்கள் இருந்தன.

அக்கா விளக்கத் தொடங்கினார். மூன்றாவது வசனத்திலேயே அவருடைய தமிழ் ஆங்கிலமாகிவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ தமிழ்தானே படிக்கிறாய்? இவ சொல்லுறதை எனக்கு விளங்கிற மாதிரி எழுதித் தா. வாசிச்சுப் போட்டுத் தூக்கிறன்."

அக்காவைக் கேட்டுக் கேட்டு, கலைச்சொல் அகராதியைப் புரட்டி, ஒரு பக்கம் எழுதினேன். 'வன்கூட்டுத் தசையின் கலங்களுக்குள் இழைமணிகள் உள்ளன. உணவின் சத்தைச் சக்தியாக மாற்றுபவை அவை. தசை ஓய்ந்திருந்தால் குறையும், உழைத்தால் பெருகும். பெருகுமாறு கட்டளையிடுவது ஓர் ஒழுங்காக்கிப் புரதம்.' கலம் என்ற சொல்லுக்குக் கப்பல் என்றும் பொருளுண்டு என்பதில், எழுதும்போது எனக்கொரு தனிப்பட்ட மகிழ்ச்சி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையோடு வாசித்தார்.

"இழைமணி எண்டா? கோயில் மணியோ?"

"இல்லை அம்மா. சக்தி எடுக்கிற சின்னச் சின்ன அடுப்பு மாதிரி," என்றேன்.

"அடுப்பெண்டா சரி. ஒழுங்காக்கி?"

"றெகுலேற்றர்," என்றார் அக்கா.

"ஓ, காஸ் சிலிண்டரில பூட்டுறது. இதை முதலே சொல்லியிருக்கலாமே."

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, அது வேற அம்மா. இது கலத்தின்ர கருவுக்குள்ள போய், மற்றப் புரதங்களோட சேர்ந்து நிண்டு, 'அடுப்பைக் கட்டுங்கோ, இன்னும் கட்டுங்கோ' எண்டு ஏவும். தான் ஒரு கல்லும் தூக்காது."

அம்மா சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லைத் தட்டினார். "தான் ஒண்டும் செய்யாது, மற்றவையிட்ட வேலை வாங்கும். அதுக்கேன் ஒழுங்காக்கி? அது சட்டம்பி."

வாத்தியார் தோரணையில் எல்லோரையும் ஏவித் திரிகிறவருக்கு எங்களிடையே வழங்கும் பெயர் அது. அம்மா என் சொல்லை வெட்டிவிட்டு, மேலே சிவப்பில் அதை எழுதினார். முதலில் மனம் சுருங்கியது. பிறகு இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். என் சொல்லில் ஒழுங்கு இருந்தது, குரல் இல்லை. அம்மாவின் சொல்தான் துல்லியமானது.

"தசையை அளவுக்கு மிஞ்சி வளரவிடாமல் மறிக்கிற புரதமும் ஒண்டு இருக்கு," என்றார் அக்கா. "அதுக்கும் நீங்களே பேர் வையுங்கோ."

"உங்கட அப்பா."

கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "நான் என்ன செய்தனான்?"

"சைக்கிள் வேண்டாம், பேசாமல் வீட்டில இரும் எண்டு சொல்லுறது ஆர்?"

அன்று மாலையே அம்மா காலைத் தூக்கினார். முதலில் வெறுங்கால், பின்னர் கணுக்காலில் ஒரு கிலோ உப்புப் பக்கெற். வைத்தியர் சம்மதித்த பின் முற்றத்தில் சைக்கிள். ஐந்தாம் வாரம் பாலத்துக்குப் போனோம். தென்மேற்கே கடலைக் கடந்து வந்த சோளகக் காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ள, அம்மா நடுப்பாலத்தில் இறங்கிவிட்டார். வீடு வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். அன்றிரவு அப்பா, 'பேசாமல் வீட்டில இரும்' என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் வலித்திருக்க வேண்டும். மறுநாள் உப்புப் பக்கெற் இரண்டானது.

தவணை தொடங்குவதற்கு முதல்நாள், ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி போனோம். அக்காவின் சைக்கிளை மிதித்தபடி நான் பின்னால் போனேன். காற்று குறையவில்லை. முன்பு இறங்கிய அதே இடத்தில் அம்மாவின் மிதி தளர்ந்தது. முன்சில்லு ஒருமுறை ஆடியது. வகுப்பில் கேள்வி கேட்கவே கையை உயர்த்தாத நான், நடுவீதியில் கத்தினேன்.

"மிதியுங்கோ அம்மா! விடாதேங்கோ, மிதியுங்கோ!"

எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை. "ஆரடி இஞ்ச சட்டம்பி, நீயோ?" என்ற குரல் மட்டும் காற்றோடு வந்தது. மிதி வேகம் பிடித்தது.

பாலம் முடிந்த இடத்தில் நிறுத்தி, ஒரு காலை ஊன்றினார். இடது காலை. அது நடுங்கவில்லை. முகம் சிவந்து, மூச்சு வாங்கி, சேலைத் தலைப்பு காற்றில் பிய்ந்துகொண்டு போக, அம்மா சத்தம்போட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, "வந்திட்டன்," என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க இறங்கினீர்?" என்று கேட்டது.

"இறங்கேல்லை."

"அப்ப நாளைக்கு எத்தினை மணிக்குச் சோறு கட்டோணும்?"

மறுநாள் காலை யாழ்ப்பாண பஸ்ஸில் எனக்கு யன்னலோர இருக்கை கிடைத்தது. ஏழு வாரம் எழுதியும் விளக்கியும் திரிந்தவள் நான். பயிற்சி செய்தவர் அம்மா. ஆனாலும், என் கலங்களுக்குள்ளும் ஒரு சட்டம்பி ஏவியதுபோல, தொடைகள் உட்காரச் சம்மதிக்கவில்லை. இருக்கையை ஒரு ஐயாவுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றேன். பாலத்தில் அம்மாவைக் கடந்தோம். குனிந்த தலையோடு, இரு கைகளாலும் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து, அவர் பஸ்ஸைப் பார்க்கவேயில்லை. நான் யாழ்ப்பாணம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.